இடுப்பு உயரத்தில் நின்ற கதவு

பவளக்கொடியம்மாவுக்குச் சீடர்கள் நாலே பேர். கோத்தகிரியில் மற்ற எல்லாருக்கும் அவர் ஷட்டர்காரம்மா.

அவருக்கு வயது முப்பத்தெட்டு. நாலு சீடர்களில் இளையவளான எனக்கே ஐம்பத்தேழு. வியாழக்கிழமை காலையில் அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் உட்காருவோம். அங்கே கேள்வி கேட்கக் கூடாது. கேட்டே ஆக வேண்டுமென்றால், அவர் வேலை செய்யும் இடத்தில்தான் கேட்க வேண்டும். கையில் கிரீஸ் இருந்தால்தான் பதில் தோன்றுமாம். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. வேலை முடிகிற வரைக்கும் பதில் கிடையாது.

ஏணி பிடிக்கிற பாக்கியம் எனக்கு. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து, ஊர்க் கதையெல்லாம் காதில் விழுந்தும் விழாத மாதிரி இருந்தவள் நான். அதனால்தான் என்னைக் கூட்டிப் போகிறார் என்று நினைக்கிறேன். இந்த ஒரு கதையை மட்டும் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவரே சொல்லச் சொல்லிவிட்டார்.

அவர் நல்லபெருமாள். எங்களில் மூத்தவர், ரிட்டயர்டு சர்வேயர். ஒரு ஜாண் நிலம் கூடக் குறைய விடமாட்டார், வார்த்தையும் அப்படித்தான். ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம் எனக்குப் போன் செய்தார்.

"தைலம்மை, அம்மாவைக் கூட்டிட்டு வாங்க."

"கதவு சர்வீசுக்கா? அடேயப்பா, மழை வந்தாலும் வரும்!"

"சர்வீசுக்கு இல்ல. ஒரு கேள்வி இருக்கு."

நான் கேலி செய்ததற்குக் காரணம் உண்டு. அவர் வீட்டுக் கார் ஷெட்டுக்கு ஆறு வருஷம் முன்பு மாப்பிள்ளை ஒரு வெளிநாட்டுக் கதவு வைத்துக் கொடுத்தார். ரிமோட்டை அமுக்கினால் மேலே போய்க் கூரையோடு படுத்துக்கொள்ளும். இந்த மாதிரிக் கதவுகளை வருஷத்துக்கு ஒரு தடவை பிரித்துப் பார்த்து, எண்ணெய் விட்டு, ஸ்பிரிங்குக்கு முறுக்கேற்றுவதுதான் அம்மாவின் பிழைப்பே. ஊரெல்லாம் அவரைக் கூப்பிட்டது. அவருடைய சீடர் மட்டும் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. "நல்லாத்தானே ஓடுது" என்பார். விளக்கடியில் இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

நாங்கள் போனபோது நாலு மணி. பஞ்சு மாதிரி மூடுபனி, எங்கள் ஊர்ப் பேச்சில் மஞ்சு, இறங்கிக்கொண்டிருந்தது. நல்லபெருமாள் ஷெட்டுக்குள் ஒரு நாற்காலி போட்டு, கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கதவு முழுக்கத் திறந்து கிடந்தது. காரை வெளியே விட்டிருந்தார். ஆள் பாதியாகிப் போயிருந்தார்.

"எத்தனை நாளா இப்படித் திறந்து கிடக்கு?" என்று கேட்டேன்.

"ஆயுத பூஜையில இருந்து. மூடறதில்ல. முந்தாநாள் ஒரு காட்டெருமை வந்து எட்டிப் பார்த்துட்டுப் போச்சு."

அம்மா பையைக் கீழே வைத்தார். "கேள்வி என்னங்க ஐயா?"

நல்லபெருமாள் சட்டைப் பையிலிருந்து ரிமோட்டை எடுத்து அமுக்கினார்.

கதவு முனகிக்கொண்டே இறங்கியது. இடுப்பு உயரத்துக்கு வந்தது. நின்றது. மேலே மோட்டார் பெட்டியில் இருந்த விளக்கு விட்டு விட்டுச் சிமிட்டியது. பிறகு கதவு தானாகவே மேலே போய்விட்டது.

வாசலில் யாரும் இல்லை. மஞ்சு மட்டும் முழங்கால் உயரத்துக்கு உள்ளே வந்தது.

அப்போது அம்மா ஒரு காரியம் செய்தார். வாசலுக்கு நேராக நின்றவர், ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்து, கைகளை ஒடுக்கிக்கொண்டு நின்றார். யாருக்கோ வழி விடுகிற மாதிரி.

"பார்த்தீங்களா?" என்றார் நல்லபெருமாள். "விசாலம் இப்படித்தான் வருவா. சாயங்காலம் அஞ்சு நாப்பதுக்குப் பாலை வாங்கிட்டு வந்து, ஸ்கூட்டரை உள்ள விட்டுட்டு, மறுபடி வெளிய போய் நின்னு ரிமோட்டை அமுக்குவா. கதவு இறங்க ஆரம்பிச்சதும் குனிஞ்சு ஓடி வருவா. கதவு பயந்துபோய் மேல ஏறும், விளக்கு சிமிட்டும். சின்னப் புள்ள மாதிரி சிரிப்பா. எத்தனை தடவை திட்டியிருப்பேன்!"

விசாலம் அவர் மனைவி. போன வருஷம் ஆடியில் இறந்துபோனார். இந்த ஷெட்டிலேதான் மாரடைப்பு.

"தலைத் திவசம் முடிஞ்சுது. எல்லாம் முறையாச் செஞ்சேன். போய்ச் சேர்ந்துட்டான்னு ஐயரும் சொன்னார். போன வருஷம் தீட்டு, பண்டிகை இல்ல. இந்த வருஷம் ஆயுத பூஜையை நானே தனியாச் செஞ்சேன். அன்னிக்குச் சாயங்காலத்துல இருந்து இப்படி. தினம் அஞ்சு நாப்பதுக்கு அமுக்கறேன். தினம் வர்றா."

அவர் அம்மாவைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அவ வர்றாளா, இல்லையா?"

அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கடைசியா எப்ப எண்ணெய் விட்டீங்க?"

"அம்மா!"

"கேட்டா சொல்லணுமில்லைங்க."

"விட்டதே இல்ல."

"சரி. ஏணி எங்கே?"

நல்லபெருமாள் எழுந்து ஏணிக்குக் குறுக்கே நின்றுவிட்டார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. "சர்வீஸ் வேண்டாம். கதவைச் சரி பண்ணிட்டா அவ வரமாட்டா. வேணும்னா உங்க காலில விழறேன். தொடாதீங்க."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "வெள்ளிக்கிழமை தீபாவளிக்குப் பூங்கோதை வர்றாளே, குழந்தையோட?"

பூங்கோதை அவர் மகள். பேத்தி இனியாளுக்கு மூன்று வயது.

"கதவைச் சரி பண்ணாட்டி வரமாட்டேன்கிறா. வராட்டிப் போகட்டும்" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேத்தி என்றால் உயிரை விடுகிற மனுஷன்.

அம்மா மறுபடி ஏணியைக் கேட்கவில்லை. ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். அலமாரியின் மேல்தட்டில் ஒரு பூசணிக்காய் இருந்தது. ஆயுத பூஜைக்குச் சுற்றி உடைக்க வாங்கியது, சாம்பல் பூத்து அப்படியே இருந்தது.

"ஏன் உடைக்கலீங்க?"

"உடைக்கற சத்தம் அவளுக்குப் பிடிக்காது. காதைப் பொத்திப்பா. அதான் விட்டுட்டேன்."

அம்மா அதை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு பெயிண்ட் டப்பாவின் மேல் இன்னொரு டப்பாவை அடுக்கி, அதன் மேல் பூசணிக்காயை வைத்தார். வாசலின் நட்ட நடுவில். பிறகு சற்றுத் தள்ளி நின்று பார்த்தார்.

"பாப்பா இவ்வளவு உயரம் இருப்பாளுங்களா?"

நல்லபெருமாள் தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு அந்தக் காயைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அம்மா, கதவை மோட்டாரிலிருந்து கழற்றிவிடுகிற சிவப்புக் கயிற்றைப் பிடித்தார். இழுப்பதற்கு முன் கதவின் அடிவிளிம்பைக் காட்டினார்.

"ஐயா, நீங்க வந்து பிடிச்சுக்கங்க. கரண்ட் போனா கையாலதானே தூக்கணும்? எவ்வளவு கனம்னு நீங்களே பாருங்க. கீழ நிக்காதீங்க, பக்கத்துல நில்லுங்க."

கயிற்றை இழுத்தார். கதவின் பாரம் மொத்தமும் நல்லபெருமாளின் கைக்கு வந்தது. தலை உயரத்திலிருந்து நெஞ்சுக்கு இறங்கியது, நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு. கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. மேலே தூக்கிப் பார்த்தார், முடியவில்லை.

"அம்மா, தாங்கல! இவ்வளவு கனமா?"

"விட்டுடுங்க."

விட்டார்.

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. டப்பாக்கள் நசுங்கி ஒன்று ஒரு மூலைக்கும் மற்றது ஒரு மூலைக்கும் ஓடின. பூசணிக்காய் இரண்டாகப் பிளந்து, விதையும் சதையும் சிமெண்ட் தரையில் சிதறிக் கிடந்தது. மூடிய ஷெட்டுக்குள் ஒரே இருட்டு.

நான் சுவரைத் தடவி விளக்கைப் போட்டேன். நல்லபெருமாள் தரையில் உட்கார்ந்திருந்தார். தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். விளிம்பு அழுத்திச் சிவந்த கோடு இருந்தது.

"அவ கையிலயும் இந்தக் கோடு இருந்துச்சு" என்றார்.

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அன்னிக்குக் கரண்ட் இல்ல. பால் வாங்கப் போக ஸ்கூட்டரை எடுக்கணும். கதவு மூடியிருக்கு, வந்து தூக்கி விடுங்கன்னு கூப்பிட்டா. நான் உள்ள ஈசிசேர்ல படுத்திருந்தேன். கையால தூக்கேன், என்ன பெரிய மலையான்னு கத்தினேன். அப்புறம் சத்தமே இல்ல. பால் வாங்கப் போயிட்டான்னு நினைச்சேன். கரண்ட் வந்து பார்த்தா, இங்கதான் கதவுல சாஞ்சு உட்கார்ந்திருக்கா. கதவு ஒரு ஜாண் கூடத் திறக்கல."

சொன்னவர் அப்படியே குலுங்கிக் குலுங்கி அழுதார். "மூணு வருஷமாச் சொன்னா. கதவு கனக்குது, பவளத்தைக் கூப்பிடுங்க, பவளத்தைக் கூப்பிடுங்கன்னு. நல்லாத்தானே ஓடுதுன்னேன். ரிமோட்டுல நல்லாத்தான் ஓடுச்சு. எனக்கென்ன தெரியும், நான் தூக்கினதே இல்லையே!"

ஒவ்வொரு வியாழக்கிழமையும் எங்கள் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்து இதைத்தான் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். ஏதாவது ஆறுதல் சொல்வார் என்று அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா பையிலிருந்து இரண்டு இரும்புக் கம்பிகளை எடுத்தார். "ஏணி எங்கேங்க?"

நல்லபெருமாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தானே போய் ஏணியைத் தூக்கி வந்தார்.

அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை. கதவுக்கு மேலே குறுக்கே ஒரு தண்டு, அதில் சுற்றிய தடித்த ஸ்பிரிங். கதவின் எடையைச் சுமப்பது அதுதானாம், மோட்டார் இல்லையாம். "இது சோர்ந்துபோச்சு. மோட்டார் சொல்லாம கொள்ளாம இழுத்துட்டு இருந்திருக்கு" என்றார். எங்களைச் சுவரோரம் போகச் சொல்லிவிட்டு, கம்பிகளை மாற்றி மாற்றிச் செருகி முறுக்கேற்றினார். பாதியில் ஒரு கம்பி நழுவியிருந்தால் கை போயிருக்கும். இழை பிரிந்திருந்த இரும்புக் கயிறுகளை மாற்றினார். உருளைக்கு உருளை, கீலுக்குக் கீல் எண்ணெய் விட்டார். தளர்ந்த திருகாணியை எல்லாம் இறுக்கினார்.

நல்லபெருமாள் சிதறிய பூசணிக்காயைப் பொறுக்கினார். ஒரு விதையையும் விடவில்லை.

கடைசியாக அம்மா கதவின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தரையிலிருந்து அரையடி உயரத்தில், வாசலின் இரண்டு பக்கமும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடிக் கண் உண்டு. ஒரு கண்ணிலிருந்து மற்ற கண்ணுக்கு வெளிச்சம் போய்க்கொண்டே இருக்கும். நடுவில் ஏதாவது குறுக்கிட்டால் கதவு இறங்காமல் மேலே போய்விடும்.

"டார்ச் அடிங்கக்கா."

அடித்தேன். இடது பக்கக் கண் தெரியவே இல்லை. அதன் மேல் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். காய்ந்து வெடித்திருந்தது. அந்த வெடிப்பு வழியாக நூல் மாதிரி வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கண்ணைத் தாங்கிய தகடும் ஆடியது.

"இது யார் வெச்சதுங்க?"

"நான்தான்" என்றார் நல்லபெருமாள். "ஆயுத பூஜைக்கு அவ எல்லாத்துக்கும் பொட்டு வைப்பா. மிக்சி, கார், கரண்ட் மீட்டர், நான் நிலம் அளந்த பழைய சங்கிலிப் பெட்டி, ஒண்ணு விடமாட்டா. அவ செஞ்ச மாதிரியே செய்யணும்னு, கதவுக்கும்..."

சர்வேயர் அல்லவா, கணக்குப் புரிந்துவிட்டது. கதவு இறங்கி வர வரத் தகடு அதிரும். அதிர்ந்தால் அந்த நூல் அறும். அறுந்தால் கதவு ஏறும்.

"அவங்க எங்க வைப்பாங்க?" என்றார் அம்மா.

நல்லபெருமாள் மண்டியிட்டுக் குனிந்தார். நானும் டார்ச்சோடு குனிந்தேன். கண்ணுக்கு இரண்டு விரல் மேலே, தகட்டில், மங்கிப்போன சிவப்புத் தடம் இருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக நாலைந்து பொட்டு. வருஷத்துக்கு ஒன்று. எல்லாம் ஒரே இடத்தில், கண்ணை மறைக்காமல்.

விசாலம் அம்மாளுக்குக் கதவைப் பற்றித் தெரிந்திருந்தது. கதவைத் தூக்குகிறவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்!

அம்மா ஈரத் துணியால் நல்லபெருமாள் வைத்த சந்தனத்தை மட்டும் துடைத்தார். மேலே இருந்த தடத்தில் துணி படாமல் பார்த்துக்கொண்டார். தகட்டைத் திருகி இறுக்கினார்.

"அப்ப அவ வரவே இல்லையா?" என்றார் நல்லபெருமாள். "என் கையால வெச்ச சந்தனம்தானா?"

"இன்னும் வேலை முடியலீங்க."

மணி பார்த்தேன். ஐந்து நாற்பது. மூன்று பேரும் அதைத்தான் பார்த்தோம். அம்மா கதவை மோட்டாரோடு மாட்டி மேலே ஏற்றினார். வெளியே கார் தெரியவில்லை, கேட் தெரியவில்லை. ஒரே வெள்ளை. தெருவில் பால்காரர் வண்டியின் மணிச் சத்தம் மட்டும் வந்தது.

"அமுக்குங்க" என்றார் அம்மா.

நல்லபெருமாளின் கட்டைவிரல் ரிமோட்டின் மேல் அப்படியே இருந்தது. "அமுக்கினா மூடிக்குமே."

"மூடிக்கும்."

அமுக்கினார்.

கதவு இறங்கியது. இப்போது முனகல் இல்லை. நெஞ்சு உயரம். இடுப்பு உயரம். நான் சுவாமி பெயரைச் சொல்லிக்கொண்டேன். முழங்கால். கணுக்கால். கடைசிக் கீற்று வெளிச்சமும் போய், தரையில் அடங்கியது. விளக்கு சிமிட்டவில்லை.

வெளியே சத்தமே இல்லை. மழை பெய்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

நல்லபெருமாள் ஓடிப்போய்க் கதவில் இரண்டு கைகளையும் வைத்தார், காதை வைத்தார். "அவ வெளிய நிப்பாளே! பாலோட நிப்பாளே! நான் மூடிட்டேனே அம்மா, மறுபடியும் மூடிட்டேனே!"

எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவு கல்நெஞ்சா என்று அம்மாவின் மேல் கோபம்கூட வந்தது.

அம்மா சிவப்புக் கயிற்றை இழுத்தார். மேலே 'டக்' என்று கழன்றது.

"ஐயா, இப்பத் தூக்குங்க."

நல்லபெருமாள் குனிந்து, இரண்டு கைகளையும் விளிம்புக்கு அடியில் கொடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டார்.

"அப்படி இல்லைங்க. ஒரு விரலால."

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒரு கையை எடுத்தார். அடுத்த கையில் சுட்டுவிரலை மட்டும் விட்டார். மெல்ல உயர்த்தினார்.

கதவு எழுந்தது. கணுக்கால், முழங்கால். ஒரு சத்தமும் இல்லை. விரல் போன பக்கமெல்லாம் கூடவே வந்தது. இடுப்பு உயரத்தில் அம்மா, "விடுங்க" என்றார்.

அவர் விரலை எடுக்கப் பயந்தார். பூசணிக்காய் உடைந்த ஈரம் இன்னும் தரையில் இருந்தது.

"விடுங்க ஐயா."

எடுத்தார்.

கதவு விழவில்லை. ஏறவும் இல்லை. அவர் விரல் விட்ட இடத்திலேயே, இடுப்பு உயரத்தில், அந்தரத்தில் நின்றது. குனிந்தால் ஓர் ஆள் உள்ளே வரலாம். அதன் அடியில் மஞ்சு மெதுவாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

நல்லபெருமாள் கதவையும் தன் விரலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேலை முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுதுங்க."

"அப்பச் சொல்லுங்க. விசாலம் வருவாளா, மாட்டாளா?"

அம்மா கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். வாசலுக்கு நேரே நின்றிருந்தவர், முன்பு போலவே ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்து நின்றார். இந்தத் தடவை நானும் நகர்ந்து நின்றேன்.

"வந்தாங்கன்னா, இனிமே அவங்களுக்கு ஒரு விரல் போதுங்க ஐயா" என்றார்.